சயாம் ரயில் தேடிப் போன எங்களுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தாவையும் அவரோட அண்ணனையும் 1943-ல மலேசியாவுல தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்துல இருந்து ஜப்பான்காரன் சயாமுக்கு, அதாவது இப்ப இருக்குற தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டு போயிட்டான். மரண ரயில்னு சொல்றாங்களே, அதுதான். யுத்தம் முடிஞ்சு தாத்தா வந்து சேர்ந்தாரு, பெரிய தாத்தா வரல. அவரு எந்த எடத்துல செத்தாருன்னு எங்க வீட்ல யாருக்குமே தெரியாது, இப்ப தெரியும். அது தெரிஞ்சது எங்க கெட்டிக்காரத்தனத்தால இல்ல, கேட்ட ஒடனே உதவுன நெறைய பேரால, அவங்களுக்காகத்தான் இந்த மடல்.

முதல்ல எங்க சின்னத்தைக்கு. தாத்தா சயாம் பத்தி வாயே தொறக்க மாட்டாரு, பேரப்பிள்ளைங்க கேட்டா எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. சின்னத்தை மட்டும் விடாம அவரு காலமாகுறதுக்கு முன்னாடி டேப் ரெக்கார்டரை பக்கத்துல வச்சு கொஞ்சம் கொஞ்சமா பேச வச்சு ஒரு கேசட்ல பதிவு பண்ணி வச்சிருந்தாங்க. அது அலமாரியில கெடந்து பூஞ்சை பிடிச்சுப் போச்சு. ஈப்போவுல பழைய ரேடியோ ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன் அந்த டேப்பை முழுசா வெளிய எடுத்துத் தொடைச்சு, வேற கேசட் கூட்டுல மாத்திப் போட்டு, கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தாரு, காசு வாங்கவே மாட்டேன்னுட்டாரு, எங்க அப்பாவோட மாமாவும் சயாம் போனவருதான் தம்பின்னு மட்டும் சொன்னாரு. அண்ணே, உங்க கைக்கு ஆயிரம் கும்பிடு.

அடுத்தது பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி. ஜப்பான் காலத்துல அவங்க சின்னப் பிள்ள. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், மூணு மாசம் வேலை, அரிசி பருப்பு இனாம்னு சொல்லித்தான் மொதல்ல ஆள் சேர்த்தாங்களாம், கொஞ்ச நாள்ல போனவங்க யாரும் திரும்பலன்னதும் ஆள் கெடைக்கல, அப்புறம் தோட்டத்துக்கு இத்தனை தலைன்னு கணக்கு வச்சுப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. பாட்டியோட அப்பாவும் அதுல போனவரு. அவங்க அம்மா தாலியைக் கழட்டவே இல்லையாம், செத்தாருன்னு யாரும் வந்து சொல்லலையே, எப்படிக் கழட்டுறதுன்னு கேப்பாங்களாம், கடைசி வரைக்கும் கழுத்துலயே இருந்துச்சாம். பாட்டி இதைச் சொல்லும்போது அவங்க கையே தானா கழுத்துக்குப் போச்சு. பாட்டி, அவ்ளோ வயசுல மூச்சு வாங்க வாங்க எங்களுக்காக எல்லாத்தையும் நெனச்சுப் பார்த்துச் சொன்னீங்க, நாங்க பட்ட கடன் இது.

மலேசிய எல்லையில இருக்குற பாடாங் பெசார்ல இருந்து தாய்லாந்துக்கு ரயில்லதான் போனோம், அது நாங்க வேணும்னே எடுத்த முடிவு. தாத்தாவையும் அதே பாதையிலதான் கூட்ஸ் வண்டியில அடைச்சுக் கொண்டு போனாங்க. தாய்லாந்துல பான் போங்ங்கிற ஊர் வரைக்கும் வண்டி, அங்கேருந்து காட்டுக்குள்ள நடை, கேசட்ல தாத்தா அந்த நடையைப் பத்திச் சொல்றப்ப ரொம்ப நேரம் பேச்சே வராது, டேப் ஓடுற சத்தம் மட்டும்தான் கேக்கும்.

கஞ்சனாபுரியில ரயில் பாதை ஆய்வு மையத்துல எங்களுக்கு உதவுன ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அவரு சொன்னது இது: அந்த ரயில் பாதை பான் போங் பக்கத்துல இருந்து பர்மாவுல தன்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர், 1942-ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சிட்டாங்க. வெள்ளைக்கார, டச்சுப் போர்க்கைதிங்க சுமார் 60,000 பேரு, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க, அவங்களுக்குப் பேரு, பட்டாளம், செத்த தேதின்னு பதிவு இருக்கு. நம்ம ஆளுங்க, மலாய்க்காரங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க, சீனர்னு கூலியாப் போனவங்க ரெண்டு லட்சத்துக்கு மேல. செத்தது 90,000 இருக்கும்னு ஒரு கணக்கு, அதுக்கும் மேலன்னு சொல்றவங்களும் இருக்காங்க. பேரு எழுதி வச்ச லிஸ்ட்டுன்னு ஒண்ணு கெடையாது. ஐயா இதைச் சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், ஆனா தாத்தா வேற என்னலாம் சொன்னாருன்னு ஒண்ணு விடாம கேட்டாரு. கேசட்ல தாத்தா, "அண்ணனைப் பொதச்ச எடத்துக்குப் பக்கத்துலதான் ரெண்டு பக்கத்து லைனும் வந்து முட்டுச்சு, அன்னைக்கு ஜப்பான்காரன் கூடி நின்னு கொண்டாடுனான்"னு சொல்லியிருந்தாரு. அதைக் கேட்டதும் ஐயா எந்திரிச்சுப் போய் ஒரு மேப்பை எடுத்துட்டு வந்து விரல் வச்சாரு, கொங்கோயித்தா. 1943 அக்டோபர் 17-ல சயாம் பக்கத்து தண்டவாளமும் பர்மா பக்கத்து தண்டவாளமும் சேர்ந்தது அங்கதான், 25-ஆம் தேதி விழா எடுத்ததும் அங்கதான். அந்த வருஷம் மழைக்காலத்துல அந்தப் பக்கத்துக் கூலி முகாம்கள்ல காலரா வந்து ஆளுங்க கொத்துக் கொத்தா செத்ததும் பதிவுல இருக்கு. தாத்தா சொன்ன "வாந்திபேதி"யும் அதுதான். எங்க அப்பா அந்த மேப் மேல கை வச்சிட்டு எடுக்கவே இல்ல. எத்தனை வருஷமா எங்கயோன்னு இருந்த ஒரு மனுசனுக்கு ஒரு ஊர்ப் பேரு கெடச்சிருச்சு.

ஆனா அங்க போய் நிக்க முடியாது. குவே நோய் ஆத்துக்கு மேல அணை கட்டுனதுல அந்தப் பள்ளத்தாக்குல பெரும் பகுதி தண்ணிக்குள்ள போயிருச்சு, ரயிலும் இப்ப நாம் தோக் வரைக்கும்தான் ஓடுது. எங்களைக் கூட்டிட்டுப் போன டிரைவர் அக்கா, தாய்லாந்துக்காரங்க, நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாது, போன்ல மொழிபெயர்த்துதான் பேசிக்கிட்டோம், அவங்களா சங்க்லாபுரி வரைக்கும் கொண்டு போய், சொந்தக்காரங்க படகை ஏற்பாடு பண்ணி, பூவும் வாங்கிக் கொடுத்து, அப்பா தண்ணியில பால் ஊத்தித் திதி கொடுக்கிற வரைக்கும் செருப்பைக் கழட்டி வச்சிட்டு எங்க பின்னாடியே நின்னாங்க. அக்கா எங்களுக்கு என்ன உறவு, சொல்லுங்க. இதை அவங்களுக்கும் மொழிபெயர்த்து அனுப்பப் போறோம்.

ரயில் பாதைக்காகப் பாறையைக் கொடஞ்ச ஹெல்ஃபயர் பாஸ்ங்கிற எடத்துல எங்க அப்பாவோட கையப் பிடிச்சு படி எறக்கி விட்ட ஆஸ்திரேலியா தம்பதிக்கும் நன்றி, அவங்களும் அவங்களோட தாத்தாவைத் தேடி வந்தவங்கதான். பாறையில துளை போட்ட தடம் இன்னும் அப்படியே இருக்கு, ஒரு எடத்துல ஒடஞ்ச துளையாணி பாறைக்குள்ளயே சிக்கிக் கெடக்கு. அந்த அம்மா அதுமேல விரல் வச்சிட்டு எங்க அப்பாவையும் தொடச் சொன்னாங்க. அவங்க தாத்தாவுக்கு கஞ்சனாபுரி கல்லறையில கல் இருக்கு, கிட்டத்தட்ட 7,000 பேரு அங்க வரிசையா, புல்லு ஒழுங்கா வெட்டி வச்சு, பார்க்கவே அவ்ளோ அழகா இருக்கு. அவங்களுக்கு அது வேணும்தான், நான் குறை சொல்லல. அந்தப் புல்லுல நிக்கிறப்ப நம்மாளுங்களுக்கு இதுல ஒரு ஓரம் கூட இல்லையேன்னு தொண்டை அடைச்சிருச்சு, அந்த அம்மாவே எங்க மொகத்தைப் பார்த்துப் புரிஞ்சிக்கிட்டு கையில வச்சிருந்த பூவுல பாதியை எங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க.

அந்தப் பூவை நாங்க வைக்கறதுக்கு எடம் காட்டுனது மரண ரயில் வரலாறைத் தேடிட்டு இருக்குற நம்ம மலேசியத் தமிழ் நண்பர்கள்தான். கஞ்சனாபுரி ரயில் பாலத்துக்குப் பக்கத்துல ஜப்பான் ராணுவமே 1944-ல கட்டுன நினைவுத்தூண் இருக்கு, அதுல தமிழ்லயும் எழுதியிருக்குன்னு சொல்லி அனுப்புனாங்க, போய்ப் பார்த்தா ஆமா, தமிழ்தான். அதைவிட எங்களுக்கு மனசு நெறஞ்ச எடம் வாட் தாவோன் கோயில். கூலியாப் போய்ச் செத்தவங்களோட எலும்புங்களைச் சேர்த்து வச்ச எடம் அது, இப்ப நம்ம தமிழர்களுக்குன்னு ஒரு நடுகல்லும் அங்க நிக்குது. பூவை அங்க வச்சோம். அங்க தரையைப் பெருக்கிட்டு இருந்த பெரியவர் ஒருத்தரு நாங்க கேக்காமலே ஊதுபத்தி கொளுத்தக் கொண்டாந்து கொடுத்தாரு, அவருக்கும் நன்றி. நடுகல்லுக்காகப் பல வருஷம் அலைஞ்ச நண்பர்களே, நீங்க செஞ்சது எங்க அப்பா மாதிரி எத்தனை பேருக்குப் போய்ச் சேருது தெரியுமா.

இன்னும் ஒருத்தங்க இருக்காங்க, அவங்க இப்ப உசுரோட இருக்க வாய்ப்பில்ல. கேசட்ல தாத்தா அவங்க பேரைச் சொல்லல, "நெகிரி செம்பிலான் அம்மா"ன்னுதான் சொல்றாரு. புருசனோட சயாம் வந்து, புருசன் செத்து, முகாம்ல சோறாக்குன அம்மா. காலரா வந்தப்ப ஆத்துத் தண்ணியக் குடிக்காத தம்பின்னு அடிச்சுச் சொல்லி வச்சிருக்காங்க, தெனமும் ஒரு தகர டப்பாவுல தண்ணியக் கொதிக்க வச்சு தாத்தாவுக்கும் இன்னும் சில பையன்களுக்கும் ஒளிச்சு வச்சுக் கொடுத்திருக்காங்க. அண்ணனுக்குக் கொடுக்க அந்தத் தண்ணி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு தாத்தா சொல்றாரு. தாத்தா பொழச்சதுனாலதான் நாங்கல்லாம் இருக்கோம். அந்த அம்மாவுக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு, ஊர்ல ஒரு பொம்பளப் பிள்ளைய அவங்க தாய் வீட்ல விட்டுட்டு வந்திருக்காங்க, இவ்ளோதான் கேசட்ல இருக்கு. நெகிரி செம்பிலான் பக்கம் உங்க குடும்பத்துல யாராவது இப்படி சயாம் போன பாட்டி, பூட்டி இருந்திருந்தா தயவுசெஞ்சு எனக்குச் சொல்லுங்க, அவங்க திரும்பி வந்தாங்களான்னாவது தெரியணும், அப்பா நேர்ல வந்து உங்க வீட்டுப் பெரியவங்க கால்ல விழணும்னு சொல்லிட்டு இருக்காரு.