விரல் நுனிக்கும் வயதாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதுமை என்றதும் கண், காது, முழங்கால் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறோமே தவிர, விரல் நுனியின் உணர்வு மங்கிவருவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்குக் கருவியும் உண்டு. விரலுக்கு அப்படி எதுவும் இல்லாததாலோ என்னவோ, மருத்துவரிடம்கூட இதை நாம் சொல்வதில்லை.

என் தாயாருக்கு வயது 79. நெடுங்காலம் தையல் வேலை செய்தவர். நூலில் விழுந்த சிறு முடிச்சைக்கூடப் பார்க்காமலே விரலால் தடவிக் கண்டுபிடிப்பவர். சென்ற மாதம் ஓரிரவு, உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்த இரண்டு சிறு மாத்திரைகளை ஒன்றென்று எண்ணி வாயருகே கொண்டுபோய்விட்டார். "கொஞ்சம் கவனமாக இருக்கக் கூடாதா அம்மா?" என்று கடிந்துகொண்டேன். அது கவனக்குறைவே அல்ல என்பது பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. அப்படிச் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன்.

விரல் நுனித் தோலுக்குள், மெல்லிய தொடுகையையும் பிடியிலிருந்து பொருள் நழுவுவதையும் உணர்த்துகின்ற, மைஸ்னர் என்பவரின் பெயரால் வழங்கப்படும் நுண்ணுறுப்புகள் வயது ஏற ஏற எண்ணிக்கையில் குறைகின்றன. நரம்புகள் செய்தியைக் கடத்தும் வேகமும் தளர்கிறது. இளமையில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடும் இரு முனைகளை இரண்டென்றே அறிந்துகொள்ளும் விரல், முதுமையில் இடைவெளி கூடினால்தான் அவற்றைப் பிரித்தறிகிறது. போதாக்குறைக்கு வியர்வை குறைந்து தோல் உலர்ந்துவிடுவதால் பிடிமானமும் தளர்கிறது. தாளைப் புரட்டும் முன் பெரியவர்கள் விரலை நனைத்துக்கொள்வதற்கும், கோப்பையைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

எனினும் எல்லார்க்கும் இது ஒரே அளவில் நேர்வதில்லை. புடைப்புப் புள்ளிகளாலான பிரெயில் எழுத்தை நாள்தோறும் விரலால் தடவிப் படிக்கும் பார்வையற்ற முதியவர்களிடம் விரல் நுனியின் கூர்மை பெரிதும் குன்றாமல் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, கைவேலையில் பழகியவர்களை "உங்களுக்கு எதற்கு இந்த வேலை?" என்று தடுத்து உட்காரவைப்பது சரியல்ல என்பது என் கருத்து. என் தாயார் மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்திருக்கிறார்.

மற்றொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வயதால் வரும் மாற்றம் மெல்ல மெல்ல வருவது. விரல்கள் திடீரென மரத்துப்போனாலோ, ஒரு கையில் மட்டும் உணர்வு குறைந்தாலோ, எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வலியும் இருந்தாலோ, "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. நீரிழிவு, வைட்டமின் பி12 குறைபாடு, மணிக்கட்டில் நரம்பு நசுங்குதல் போன்றவை காரணமாக இருக்கலாம்; இவற்றுக்கு மருத்துவம் உண்டு. திடீரென ஒரு பக்கக் கை மரத்துப்போவது பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், அப்போது சிறிதும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருந்து நிறுவனங்கள் முதியோருக்கான மாத்திரைகளை விரலுக்குத் தட்டுப்படும் அளவிலும், எளிதில் பிரிக்கக்கூடிய அட்டைகளிலும் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்