“இல்லை” என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்: கல் பார்த்துச் சொல்லும் அறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்களிலும் நிலவியல் துறைகளிலும் எங்கள் கற்களைப் பார்த்து அடையாளம் சொல்லும் ஐயாக்களுக்கும் அம்மையார்களுக்கும்,

வணக்கம்.

நான் நிலவியல் படித்தவன் அல்ல. பத்துப் பன்னிரண்டு வருடங்களாகக் கல் பொறுக்கி வருகிறேன். என்னைப் போன்றவர்கள் உங்கள் மேசைக்கு அடிக்கடி வருகிறோம். பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்து வைத்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். உங்களிடம் நேரில் சொல்ல நினைத்து, சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் எடுத்துப்போனது உள்ளங்கை அகலமுள்ள ஒரு தட்டைக்கல். வெளிர் மஞ்சள் நிறம். அதன் மேல் கறுப்பு மையால் வரைந்தது போல ஒரு பெரணிச் செடி: தண்டு, கிளை, கிளைக்குள் கிளை. வழி முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கல்லைக் கையில்கூட எடுக்கவில்லை. “இது ஃபாசில் (புதைபடிவம்) இல்லை” என்றார். அவ்வளவுதான்.

அவர் சொன்னது சரி. இன்றைக்கு யாராவது அதே கல்லைக் காட்டினால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அன்று வீடு திரும்பியபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த இரண்டு வருடங்களில் அதே மாதிரி இன்னும் பதினொரு கற்களைச் சேர்த்துவைத்தேன்.

அப்புறம் வேறோர் இடத்தில் ஓர் அம்மையாரைச் சந்தித்தேன். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் தன் கைலென்ஸை என்னிடம் கொடுத்தார். “நடு நரம்பு இருக்கிறதா, தேடுங்கள்” என்றார். இல்லை. “இலைக்கு ஓர் ஓரம் இருக்க வேண்டுமே, தெரிகிறதா?” தெரியவில்லை. “கிளையெல்லாம் எங்கிருந்து புறப்படுகிறது?” உற்றுப் பார்த்தேன். கல்லில் ஓடிய மெல்லிய விரிசல் ஒன்றிலிருந்துதான் எல்லாமே புறப்பட்டிருந்தன. மாங்கனீசு கரைந்த நீர் விரிசல் வழியே கசிந்து உள்ளே போகும்போது, அதன் ஆக்சைடு இப்படிக் கிளை கிளையாகப் படியும் என்று விளக்கினார். இதற்குப் பெயர் டெண்ட்ரைட், செடியே கிடையாது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு கற்களையும் நானே லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் டெண்ட்ரைட்தான். அதற்குப் பிறகு ஒரு டெண்ட்ரைட்டைக்கூட நான் யார் மேசைக்கும் கொண்டுபோனதில்லை.

அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டுத்தான் இந்த மடல்.

உங்களுக்கு நேரம் இல்லை என்று தெரியும். வருகிற கற்களில் பெரும்பாலானவை திரும்பத் திரும்ப அதே நாலைந்து வகைதான் என்பதும் தெரியும். ஒரே பதிலை நூறாவது முறை சொல்வது யாருக்கும் அலுக்கும். ஆனாலும் வெறும் “இல்லை” அந்தக் கூட்டத்தைக் குறைப்பதில்லை. காரணத்தோடு வரும் “இல்லை”தான் குறைக்கும். என் பன்னிரண்டு கற்களே அதற்குச் சாட்சி.

‘டைனோசர் முட்டை’யை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டையாக, வழவழப்பாக ஒரு கல் கிடைத்தால் மனம் உடனே அங்கேதான் ஓடுகிறது. பெரும்பாலும் அது கான்கிரீஷன். மண்படிவுக்குள் ஏதோ ஒரு சின்னக் கருவைச் சுற்றிக் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமோ இரும்புக் கனிமமோ சேர்ந்து, துகள்களை ஒட்டவைத்து உருட்டிய கல். முட்டையாக இருந்தால் ஓடு இருக்க வேண்டும். உடைந்த விளிம்பில் அந்த ஓடு உள்ளிருக்கும் கல்லிலிருந்து வேறுபட்ட மெல்லிய தனி அடுக்காகத் தெரிய வேண்டும். லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பில் அதற்கே உரிய புடைப்புகளும் நுண்துளைகளும் தெரியும். இதைச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த தடவை உருண்டைக்கல்லை எடுக்கிறவர் முதலில் ஓட்டைத்தான் தேடுவார்.

ஆனால் “வெறும் கான்கிரீஷன்” என்று அதைத் தள்ளிவிடவும் கூடாது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் மேசன் க்ரீக் பகுதியில் கிடைக்கும் இரும்புக்கல் உருண்டைகளை உடைத்தால் உள்ளே 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெரணி இலைகளும் இறால் வகைகளும் மென்மையான உடல் கொண்ட உயிரிகளும் கிடைக்கின்றன. வேறெங்கும் அழுகிப்போயிருக்கக்கூடிய உடல்கள் அவை. எந்தக் கருவைச் சுற்றி அந்தக் கல் வளர்ந்தது என்பது எப்போதுமே கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது விண்கல். கறுப்பாக, கனமாக, காந்தம் ஒட்டுவதாக எது கிடைத்தாலும் வானத்திலிருந்து விழுந்தது என்று நம்புகிறோம். அது உலைக்கசடாக இருக்கலாம், மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவாக இருக்கலாம். குமிழித் துளைகள் நிறைய இருந்தால் கசடோ எரிமலைக்கல்லோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விண்கல்லில் அப்படித் துளைகள் இருப்பது மிக அரிது. மெருகு பூசாத பீங்கான் ஓட்டின் மேல் தேய்த்தால் ஹெமடைட் என்ற இன்னோர் இரும்புத் தாது செம்பழுப்புக் கோடு போடும், மேக்னடைட் கறுப்புக் கோடு போடும். விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. சாதாரணப் பாறையின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு, இரும்பு விண்கல்லுக்கு அது 7-க்கும் மேல். ஒரு தராசும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

இங்கே நீங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. எனக்கு இது மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. வலுவான காந்தத்தைக் கல்லில் ஒட்டிப் பார்ப்பதே அந்தக் கல்லுக்குச் செய்யும் கெடுதல். சில விண்கற்கள் தாங்கள் பிறந்த இடத்தின் காந்தப்புலத்தைப் பல நூறு கோடி ஆண்டுகளாகத் தங்களுக்குள் பதிந்து வைத்திருக்கின்றன. கையடக்கமான ஒரு நியோடிமியம் காந்தம் அதை நொடியில் அழித்துவிடும். திசைகாட்டியின் ஊசியை அருகில் கொண்டுபோனாலே அது அசைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமே. காந்தத்தை ஒட்டிப் பார்க்கச் சொல்லும் பழைய அறிவுரை இன்றும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. அதை நீங்கள் மாற்றினால்தான் மாறும்.

எலும்பு விஷயத்தில், நாக்கில் ஒட்டினால் எலும்பு என்று எங்களில் பலர் நம்புகிறார்கள். காய்ந்த களிமண்ணும் ஒட்டும். உடைந்த முனையைப் பாருங்கள், வெளியே இறுக்கமும் உள்ளே கடற்பஞ்சு போன்ற அறைகளும் தெரிகிறதா என்று ஒரு வரி சொல்லிக்கொடுங்கள், போதும்.

சரி, காரணத்தை இவ்வளவு வற்புறுத்திக் கேட்பது ஏன்? நாங்கள் மட்டும் ஏமாறுவதில்லை. 1865-இல் கனடாவின் மிகப் பழைய பாறைகளில் கிடைத்த பட்டை பட்டையான அமைப்பை, அன்றைய பெரிய அறிஞர்களில் ஒருவரான டாசன் உலகின் முதல் உயிரிகளில் ஒன்று என்று நம்பி ‘ஈயோசூன்’ என்று பெயரிட்டார். பல வருட விவாதத்துக்குப் பிறகு, வெசுவியஸ் எரிமலை கக்கிய சுண்ணாம்புக்கல் துண்டுகளிலும் அதே பட்டைகள் இருப்பது 1894-இல் காட்டப்பட்டது. சூடும் கனிமங்களும் சேர்ந்து செய்த வேலை அது. நம் காலத்திலும் நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகையொன்றின் கூரையில் இருந்த ஓர் அடையாளத்தை 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிக்கின்சோனியா என்ற தட்டையான உயிரி என்று 2021-இல் ஒரு குழு எழுதியது. இன்னொரு குழு நேரில் போய்ப் பார்த்து, அது பாறையில் ஒட்டியிருந்த தேன்கூட்டின் மிச்சம் என்று 2023-இல் எழுதியது. முதல் கட்டுரைக்குத் தலைமை வகித்தவரே அதை ஏற்றுக்கொண்டார். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை. என்னென்ன காரணத்தால் அப்படி நினைத்தோம் என்று எழுதிவைத்திருந்ததால்தான், அந்தக் காரணங்களை இன்னொருவர் கல்லோடு வைத்துச் சரிபார்க்க முடிந்தது.

காரணம் சொன்னால் மட்டும் போதாது, அது அந்தக் கல்லிலிருந்து வர வேண்டும். 1956-இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் டினா நீகஸ் என்ற பள்ளி மாணவி பாறையில் இலை போன்ற ஒரு பதிவைப் பார்த்தாள். ஆசிரியரிடம் சொன்னாள். கேம்பிரியன் காலத்துக்கு (ஏறக்குறைய 54 கோடி ஆண்டுகளுக்கு) முந்தைய பாறையில் ஃபாசில் கிடையாது என்று பதில் வந்தது. அன்றைய பாடநூல்களின் கருத்தும் ஏறத்தாழ அதுதான். அடுத்த வருடம் ரோஜர் மேசன் என்ற மாணவன் அதே பதிவைத் தாளில் தேய்த்துப் படியெடுத்தான். அது டிரெவர் ஃபோர்டு என்ற நிலவியலாளரின் கைக்குப் போனது. அவர் பாறையைப் போய்ப் பார்த்தார். 1958-இல் ‘சார்னியா மேசோனி’ என்ற பெயரில் அது உலகுக்குத் தெரிந்தது; அவ்வளவு பழைய பாறையிலும் பெரிய உயிரிகளின் சுவடு உண்டு என்பது அதோடு உறுதியானது. பதிவு இரண்டு வருடமும் அதேதான். இரண்டாவது வருடம் ஒருவர் எழுந்து போய்ப் பார்த்தார்.

“தெரியவில்லை” என்று சொல்லவும் தயங்காதீர்கள். மேசன் க்ரீக்கில் பிரான்சிஸ் டல்லி என்ற சேகரிப்பாளர் கண்டெடுத்த விசித்திர உயிரியைச் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போனபோது, அது எந்த விலங்குத் தொகுதியைச் சேர்ந்தது என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. 1966-இல் அவர் பெயரையே வைத்து ‘டல்லிமான்ஸ்ட்ரம்’ என்று வெளியிட்டார்கள். அது முதுகெலும்பியா இல்லையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அது தெரியவில்லை என்பதற்காக அந்த உயிரியை யாரும் தூக்கி எறிந்துவிடவில்லை.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் மறைக்க மாட்டேன். அமிலம் ஊற்றிக் கழுவுகிறோம். சுண்ணாம்புக் கனிமத்தோடு சேர்ந்து, பார்க்க வேண்டிய ஓடும் கரைந்துபோகிறது. கம்பித் தூரிகையால் தேய்க்கிறோம். அளவுகோல் இல்லாமல் மங்கலான ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புகிறோம். கைபேசிச் செயலி சொன்ன பெயரைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் வாதாடுகிறோம். எல்லாவற்றையும்விட மோசமானது, எங்கே எடுத்தோம் என்று குறித்துவைக்காதது. இடம் தெரியாத கல் பாதி ஊமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஃபாசில் சேகரித்த மேரி ஆனிங், எது எங்கே கிடைக்கிறது என்பதையும் கவனித்ததால்தான் ஒரு புதிர் அவிழ்ந்தது. ‘பெசோவார் கல்’ என்று அழைக்கப்பட்ட உருண்டைகள் இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டின் வயிற்றுப் பகுதியில் கிடைப்பதையும், உடைத்தால் உள்ளே மீன் எலும்புகளும் செதில்களும் இருப்பதையும் அவர் பார்த்தார். அவை கல்லாகிப்போன சாணம் என்று நிலவியலாளர் பக்லண்ட் 1829-இல் எழுதினார். அந்த உருண்டைகளை யாராவது பொறுக்கி ஒரு பெட்டியில் கலந்து வைத்திருந்தால் இந்தச் செய்தியே நமக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே நாங்கள் எங்கள் பங்கைச் செய்கிறோம். பாறையோடு சேர்ந்தே இருப்பதைப் பெயர்க்க மாட்டோம். படமெடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு உங்களுக்குச் சொல்வோம். எடுக்கச் சட்டம் அனுமதிக்காத இடத்தில் கையை வைக்க மாட்டோம். உதிர்ந்து கிடந்த கல்லை எடுத்தால் அன்றே எண் எழுதி வைப்போம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு சின்னத் தாள். அதில் மூன்று வரிகள். இது என்னவாக இருக்கும், கல்லில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், எது தெரிந்தால் உங்கள் முடிவு மாறும். அடியில் தேதி. கல்லை ஆய்வுக்கு வைத்துக்கொள்வதாக இருந்தால் அதே தாளில் ஒரு கையெழுத்தும் வேண்டும். ஒருமுறை நான் நம்பி விட்டுவந்த ஒரு கல்லைத் திரும்பக் கேட்டபோது, அப்படி ஒன்று வந்ததற்கான குறிப்பே அங்கு இல்லை. கல் போனதுகூடப் பரவாயில்லை, அதோடு நான் இணைத்திருந்த இடக்குறிப்பும் போய்விட்டது.

அடுத்த மாதம் உங்களில் ஒருவரிடம் வருகிறேன். கொண்டுவருவது படங்கள் மட்டும்தான், கல் பாறையிலேயே இருக்கிறது. பாறை சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். அதில் நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் வளைந்த ஒரு பட்டை, குறுக்கே சீரான வரிகள், ஒரு முனை உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தில் கால்சைட் பளபளக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய பழுப்பு ஓரம். அது ஓடாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் விரிசலில் படிந்த கால்சைட்டின் இரும்புக் கறையாகவும் இருக்கலாம். ஈரமாகவும் உலர்ந்தும், அளவுகோலோடு, ஒன்பது படங்கள் எடுத்திருக்கிறேன். இடத்தையும் குறித்துவைத்திருக்கிறேன்.

உங்கள் லென்ஸை ஒரு நிமிடம் இரவல் கொடுங்கள்.

அன்புடன்,
கல் சேகரிக்கும் ஒருவன்