1945-ல் படத்தை முடித்துவிடாதீர்கள், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாஜிக் காலத்தைப் பற்றிய படங்களை வாரம் ஒன்றாகத் திரையிடப் போவதாகச் சொன்னீர்கள். தன்பாலீர்ப்பாளர்கள் பட்ட பாட்டைச் சொல்லும் படமும் ஒன்று இருக்கட்டும், ‘பெண்ட்’ போடலாமா என்றீர்கள். நான் சட்டென்று வேண்டாம் என்றுவிட்டேன். காரணம் சொல்லாமல் போனை வைத்தது உறுத்தியது.

‘பெண்ட்’ (1997) மோசமான படமில்லை. நாஜிகளின் டாக்காவ் வதைமுகாமில் கற்களை இங்கிருந்து அங்கே சுமந்து, பிறகு அங்கிருந்து இங்கேயே சுமக்கும் இரண்டு பேர். ஓய்வு என்று விடும் சில நிமிடங்களிலும் விறைப்பாக நிற்க வேண்டும். அப்படி நின்றபடியே, தொடாமல், வெறும் பேச்சாலேயே உறவு கொள்கிறார்கள். அந்தக் காட்சிக்காகவே பார்க்கலாம். ஆனால் நாயகன், முகாமில் தன்பாலீர்ப்பாளர்களுக்குக் குத்திய இளஞ்சிவப்பு முக்கோணத்துக்குப் பயந்து, யூதர்களின் மஞ்சள் அடையாளமே மேல் என்று அதை வாங்கிக்கொள்கிறான். யூதர்களைக் குழந்தை குட்டியோடு பூண்டோடு அழிக்கப் பின்னால் திட்டம் போட்ட ஆட்சி அது. தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு நடந்தது வேறு வகை: ஏறத்தாழ 1 லட்சம் பேர் கைது, பாதிப் பேருக்குத் தண்டனை, 5,000 முதல் 15,000 பேர் வரை வதைமுகாமுக்கு. அங்கே போனவர்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. இதில் எது மேல் என்று ஒப்பிடுவதே எனக்குக் கூசுகிறது.

நான் சொல்வது ‘பாராகிராஃப் 175’ (2000). ஆவணப்படம்தான், தூக்கம் வராது. உயிரோடு எஞ்சியிருந்த கிழவர்கள் சிலர் பேசுகிறார்கள். காட் பெக் பெர்லின்காரர், பாதி யூதர். ஹிட்லர் இளைஞர் படையின் சீருடையை மாட்டிக்கொண்டு போய், நாஜிகளிடம் குடும்பத்தோடு பிடிபட்டிருந்த யூதக் காதலன் மன்ஃபிரெடை வெளியே கூட்டி வந்துவிட்டார். தெருவுக்கு வந்தபின், குடும்பத்தை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று மன்ஃபிரெட் திரும்பி உள்ளே போய்விட்டான். மொத்தக் குடும்பமும் செத்தது.

பியேர் செயல் என்பவர், ஜெர்மனி பிடித்துக்கொண்ட பிரான்சின் அல்சாஸ் பகுதிக்காரர். 17 வயதில் ஷிர்மெக் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தன் காதலன்மேல் நாய்களை ஏவிக் கொன்றதை நின்று பார்க்க வைத்தார்கள். அதன்பின் கல்யாணம், பிள்ளைகள், நாற்பது வருஷ மௌனம். 1982-ல், ஸ்ட்ராஸ்பர்க் பிஷப்புக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில்தான் வாயைத் திறந்தார். படத்தில் அவர் கோபமாகத்தான் பேசுகிறார். ஆறிப்போன முதியவரை எதிர்பார்த்து யாரும் வர வேண்டாம்.

அவர் ஏன் அத்தனை வருஷம் பேசவில்லை? இதற்குத்தான் இரண்டாவதாக ஒரு படத்தையும் போடச் சொல்கிறேன்: ‘கிரேட் ஃப்ரீடம்’ (2021), இயக்கம் செபாஸ்டியன் மைசே. பியேர் செயல் பிரெஞ்சுக்காரர், இது ஜெர்மனிக் கதை. ஆனாலும் அந்த மௌனம் இதில் பாதி புரிந்துவிடும். 1945-ல் நேச நாட்டுப் படைகள் வதைமுகாமைத் திறக்கின்றன. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். தன்பாலீர்ப்புக்காகத் தண்டிக்கப்பட்ட நாயகன் ஹான்ஸ் மட்டும் நேரே சிறைக்கு, மிச்சத் தண்டனையைக் கழிக்க! கற்பனைப் பாத்திரம்தான், சட்டம் கற்பனையல்ல. ஆணோடு ஆண் உறவைக் குற்றமாக்கி 1871-லிருந்தே இருந்த 175-ஆம் பிரிவை நாஜிகள் 1935-ல் இறுக்கினார்கள். மேற்கு ஜெர்மனி அந்த இறுக்கிய வடிவத்தையே 1969 வரை வைத்திருந்தது. நாஜிக் காலத் தீர்ப்புகளை ரத்து செய்ய 2002 ஆனது, போருக்குப் பிந்தையவற்றை ரத்து செய்ய 2017. அதற்குள் எத்தனை பேர் குற்றவாளிப் பட்டத்தோடேயே போய்ச் சேர்ந்திருப்பார்கள்!

ஹான்ஸாக ஃபிரான்ஸ் ரோகோவ்ஸ்கி அதிகம் பேசுவதில்லை. அறைத்தோழன் விக்டோர் முதலில் அவனை அருவருக்கிறான், பிறகு அவன் கையிலுள்ள முகாம் எண்ணை மறைக்க அதன்மேலேயே பச்சை குத்திவிடுகிறான். முடிவை நான் சொல்லப்போவதில்லை.

முதல் வாரம் ஆவணப்படம், அடுத்த வாரம் இது. ‘பெண்ட்’ வேண்டும் என்பவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் கவனம். தனிமைச்சிறைக் காட்சிகளில் திரை முழுக்க இருட்டாகிவிடும். வெளிச்சம் திரும்பும்போது வேறு வருஷம். புரொஜெக்டர் போய்விட்டது என்று யாராவது எழுந்து லைட்டைப் போட்டுவிடப் போகிறார்கள். ஸ்விட்ச் பக்கத்தில் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி