எங்கள் நுண்ணோக்கிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

முப்பரிமாண அச்சில் நாங்களே செய்த ஓபன்ஃப்ளெக்ஷர் நுண்ணோக்கி, இந்த வாரம் முதல் ஆய்வு மாணவர்களின் அன்றாடப் புழக்கத்துக்கு வந்துவிட்டது. நேரில் பலருக்கு நன்றி சொல்லியாயிற்று. ஊரறியச் சொல்ல வேண்டியது கொஞ்சம் பாக்கி.

முதல் நன்றி, எங்களை யாரென்றே அறியாதவர்களுக்கு. ரிச்சர்ட் போமன் கேம்பிரிட்ஜில் தொடங்கிய இந்த வடிவமைப்பின் கோப்புகள் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. மலேரியா ஆய்வுக்காகத் தான்சானியாவிலும் இதை அச்சிட்டுப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஸ்லைடை மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாக நகர்த்த வழக்கமாக நுட்பமாகக் கடைந்த தண்டுகளும் பேரிங்குகளும் வேண்டும். விலை ஏறுவதும் அங்கேதான். இதில் ஸ்லைடை வைக்கும் மேடையைத் தாங்குபவை மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள். அவை வளைந்து கொடுக்கின்றன, மேடை நகர்கிறது. உடல் மொத்தமும் ஒரே துண்டு. லேத்தில் இதைக் கடைந்தெடுக்கவே முடியாது.

அடுத்து ஏட்ரியன் போயர். பாத் பல்கலைக்கழகத்தில் 2005இல் அவர் தொடங்கிய, யாரும் செய்துகொள்ளக்கூடிய முப்பரிமாண பிரிண்டருக்கான ரெப்ராப் திட்டம் இல்லையென்றால், இழையை உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் முறைக்கு ஸ்டிராட்டசிஸ் நிறுவனம் வைத்திருந்த அடிப்படைக் காப்புரிமை 2009இல் முடிந்திராவிட்டால், எங்கள் துறைக்குக் கட்டுப்படியாகும் விலையில் பிரிண்டர் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, உள்ளூருக்கு வருவோம். பட்டறை அண்ணனுக்குத்தான் பெரிய கடன். மழைக்காலத்தில், அச்சிடப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை ஈரத்தைக் குடித்துவிடும்; அது உருகி வெளிவரும் முனையான நாசிலில் படபடவென்று பொரியும், அச்சு நூல் நூலாக இழுக்கும். அண்ணன் காற்றுப் புகாத டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, பக்கத்தில் துளையிட்டு, இழையை அதன் வழியாக வெளியே விட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் பட்டைகள் மழமழவென்று வந்தன. "வெயில்ல நிக்கிற கார்ல வைக்காதீங்க தம்பி, 60 டிகிரியில குழைஞ்சிடும்" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நுண்ணுயிரியல் துறை மேடம், கையுறையோடு குமிழைத் திருக முடியவில்லை என்று ஒரு காலையில் சொன்னார். மறுநாளே பெரிய குமிழ் தயார். உருகிய பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் இன்ஜெக்ஷன் மோல்டு முறையில் செய்திருந்தால் இப்படித் திருத்த யாருக்கு மனசு வரும்? மோல்டுக்கே லட்சங்கள் போயிருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் செய்யும் நாள் வந்தால் மோல்டுக்குத்தான் போக வேண்டும்; பிரிண்டர் அந்த வேகத்துக்குச் சரிப்பட்டு வராது.

'நுண்ணோக்கி ஒன்று' என்று கேட்டிருந்தால் அலுவலகத்தில் மூன்று கொட்டேஷனோடு காரியம் முடிந்திருக்கும். நாங்கள் கேட்டதோ ஸ்குரூ, ஓ-ரிங், ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கான கேமரா, தனியாக ஒரு லென்ஸ். அத்தனை சில்லறை பில்லையும் முகம் சுளிக்காமல் பாஸ் செய்த அக்காவுக்குத் தனி நன்றி.

குமிழில் செய்த மாற்றத்தையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளப் பொதுவில் போட்டுவிட்டோம். பக்கத்துக் கல்லூரிகளில் யாருக்காவது உடல் பாகம் அச்சிட வேண்டுமானால் கோப்போடு வாருங்கள். இழை மட்டும் உங்கள் செலவு. அச்சிடும்போது தொங்கும் பகுதிகளைத் தாங்கும் சப்போர்ட்டைக் கோப்பில் போட்டுக் கொண்டுவராதீர்கள், இந்த வடிவத்துக்கு அது தேவையில்லை.

நன்றியுடன்,
ஆய்வகக் குழுவினர்