மீந்துபோன ஒரு மாலை: பரிசளிப்பு விழா ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம். எழுதியவர்களுக்கு நடந்த சாதனையாளர் விழாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். எட்டுப் பாடங்களில் ஏ (8ஏ), அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்குத்தான் மேடை என்று முன்பே சொல்லிவிட்டீர்கள். என் மகளுக்கு 3ஏ. அவளை மேடைக்குக் கூப்பிடவில்லை என்பது என் குறை இல்லை. மாலைத் தட்டு ஏந்தக் கூப்பிட்டீர்களே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று காலை உங்களில் ஒருவர் போன் செய்து, "பாப்பாவுக்குச் சேலை கட்டி அனுப்புங்கக்கா, தட்டு பிடிக்க ஆள் இல்லை" என்றார். பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டி அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். தூங்காமல் நான்தான் கட்டிவிட்டேன். மேடைப் படிக்கட்டில் முக்கால் மணி நேரம் நின்றாள். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக ஏற ஏற, டத்தோ பட்டம் பெற்ற சிறப்பு விருந்தினர் அந்தப் பிள்ளைகளின் கழுத்தில் போடுவதற்கு மாலையை எடுத்து எடுத்து நீட்டினாள். மொத்தம் 18 மாலை. ஒரு பையன் வரவில்லை. அவனுடைய மாலை மீந்துவிட்டது. வீணாகப் போகக் கூடாதென்று அதை மைக் ஸ்டாண்டில் மாட்டிவிட்டீர்கள்.

வீட்டில் சேலைப் பின்னைக் கழற்றும்போது, "மைக்குக்குக்கூட மாலை போட்டாங்கம்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டு, எஸ்.பி.எம். எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் மேடைக்கு அழையுங்கள். யாருக்கு எத்தனை ஏ என்று மைக்கில் வாசிக்காதீர்கள்.

சிறப்புரையில் டத்தோ 22 வயதில் கம்பெனி தொடங்கியதையும் 25 வயதில் வீடு வாங்கியதையும் சொன்னார். நல்ல விஷயம். ஆனால் "மெதுவாகப் போகிறவனுக்கு இந்தக் காலத்தில் இடமில்லை" என்று அவர் முடித்தபோது முன்வரிசையே கைதட்டியது. என் மகள் ஆறாம் படிவம் போகிறாள். பல்கலைக்கழகம் போக மெட்ரிகுலேஷன் வழி என்றால் ஓராண்டு, ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதும் வழி என்றால் ஒன்றரை ஆண்டு. இந்த ஆறு மாத வித்தியாசத்துக்கு, ஏதோ துக்கம் விசாரிப்பதுபோல, "ஐயோ, ஃபார்ம் சிக்ஸா?" என்று கேட்கிறார்கள். அதே எஸ்.டி.பி.எம். எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் உங்கள் செயலவையிலேயே இருக்கிறார்கள். அவர்களாவது கைதட்டாமல் இருந்திருக்கலாம்.

ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் அரசாங்கமே எடுத்துவிட்டது. 2022-இல் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3-உம் போயிற்று. பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விடுவார்கள் என்று நினைத்தோம். நாம் எங்கே விட்டோம்? ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் 7ஏ, 8ஏ பேனர் தொங்கிய அதே வேலியில் இப்போது எஸ்.பி.எம். பேனர் தொங்குகிறது. சுகாதார அமைச்சின் ஆய்வில் மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்த இடைநிலைப்பள்ளி மாணவர்கள் 2017-இல் 18.3 விழுக்காடு, 2022-இல் 26.9 விழுக்காடு. நாலு பிள்ளைகளில் ஒன்று. மாலை போட்டுக்கொண்ட 17 பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர்களை மட்டும் சும்மா விட்டீர்களா? ஒவ்வொருவரிடமும் "அடுத்து என்ன?" என்று கேட்டார் அறிவிப்பாளர். "டாக்டர்" என்றால் மண்டபம் அதிர்ந்தது. "இன்னும் யோசிக்கலை" என்ற பெண்ணுக்கு நாலு பேர்தான் தட்டினார்கள். 17 வயதில் யோசிக்க அவகாசம் கேட்பதுகூடக் குற்றமா? 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நிரந்தர வேலை கேட்டு நின்றார்களே, அவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒரு டத்தோ கையால் மாலை வாங்கியிருப்பார்கள். அன்றைக்கு எந்தச் சங்கம் அவர்களுக்குப் பேனர் கட்டியது?

சரி, பேச்சு எங்கோ போய்விட்டது. மன்னிக்கவும். நீங்கள் சம்பளம் வாங்காமல் ஓடியாடி வேலை செய்கிறவர்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் பிரத்தியேக வகுப்பு நடப்பதே உங்களால்தான். என் மகளும் அங்கே படித்தவள்தான். அந்த உரிமையில் மறுபடியும் கேட்கிறேன்: எழுதிய எல்லாரையும் மேடையேற்றுங்கள். 9ஏ, 10ஏ எடுத்தவர்களுக்குக் கேடயம் கொடுங்கள், பணமுடிப்பு கொடுங்கள், அது அவர்கள் உழைப்பு. மாலை மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுங்கள்.

செலவு கூடும் என்பீர்கள். பூ மட்டும் வாங்கிக் கொடுங்கள், மாலை கட்ட எனக்குத் தெரியும். விழாவுக்கு முந்தின சனிக்கிழமை இரவு நான் லீவு எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தட்டு பிடித்த பிள்ளையின் அம்மா,
பட்டர்வொர்த், பினாங்கு.