டப்பாவைத் திறக்கும் முறை தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு விநோத உணவுகள் பற்றிய தங்கள் கட்டுரை, டப்பாவில் அடைத்து விற்கும் சுவீடனின் புளித்த மீனான சுர்ஸ்ட்ரோமிங்கை "தாங்க முடியாத நாற்றம்" என்ற ஒரே வரியில் முடித்துவிட்டது. யூடியூபில் பலர் அறைக்குள் டப்பாவைத் திறந்து, வெறும் மீனைக் கடித்துவிட்டுக் குமட்டுகிறார்கள். அந்த ஊரில் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. கருவாட்டைக் கழுவாமல், சோறும் இல்லாமல் மென்றுவிட்டுக் குறை சொல்வது போன்றது அது.

இது பால்டிக் கடலின் சிறிய ஹெர்ரிங் மீன். முட்டையிடுவதற்குச் சற்று முன், வசந்த காலத்தில் பிடிப்பார்கள். முதலில் கடும் உப்புநீரில் போட்டு இரத்தத்தை வடித்து, தலையை நீக்கி, உப்பு குறைந்த நீரில் பீப்பாயில் புளிக்க வைப்பார்கள். உப்பு குறைவு என்பதால் மீன் கருவாடாகாமல் புளிக்கிறது. டப்பாவில் அடைத்த பிறகும் புளிப்பு நிற்பதில்லை. வாயு சேர்ந்து டப்பா உப்பிவிடும். இந்த மீனில் அது இயல்பு. வேறு எந்த உணவு டப்பா உப்பியிருந்தாலும் தொடாமல் எறிந்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் மாத மூன்றாம் வியாழக்கிழமையை ஒட்டிப் புதுச் சரக்கு கடைக்கு வரும். முதன்முறை வாங்குபவர்கள் குடலும் முள்ளும் நீக்கிய துண்டு மீனைக் கேட்டு வாங்கலாம்; வாடை குறைவு, வேலையும் மிச்சம். வாங்கியதைக் குளிர்ப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் அழுத்தம் கூடும், மீனும் குழைந்துவிடும்.

திறப்பது வெட்டவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொண்டு. டப்பாவைச் சாய்த்துப் பிடித்து, மேலே தூக்கியிருக்கும் ஓரத்தில் முதல் துளையிட்டால் வாயு மட்டும் வெளியேறும். நேராக வைத்துக் குத்தினால் உப்புநீர் சட்டையில் பீறிடும். வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தித் திறப்பதும் நல்ல வழி. முழு மீன் என்றால் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டு, நடுமுள்ளை உருவி, தோலை உரிக்க வேண்டும். சினையைத் தூக்கி எறியாதீர்கள். பலருக்கு அதுதான் பிரியமான பகுதி.

துன்பிரோட் என்னும் மெல்லிய ரொட்டியில் வெண்ணெய் தடவி, வேகவைத்த உருளைக்கிழங்கு வில்லைகள், பொடியாக நறுக்கிய வெங்காயம், அதன்மேல் மீனைச் சிறு துண்டுகளாகப் பரப்பி, புளித்த கிரீம் ஒரு கரண்டி வைத்து மடிக்க வேண்டும். வடபகுதியில் சிலர் கிரீம் சேர்ப்பதில்லை. முதல் தடவைக்கு அரை மீன் தாராளம். மீன் அளவு மீறினால் உப்பு மற்றதை எல்லாம் விழுங்கிவிடும். கிழங்கும் வெண்ணெயும் உப்பை அடக்கிய பிறகு நாக்குக்குத் தெரிவது ஆழமான, புளிப்பு கலந்த மீன் சுவை. மூக்கு சொன்னதற்கும் அதற்கும் தொடர்பே இருக்காது.

பால்டிக் மீனில் டயாக்சின் நச்சு இருப்பதால், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும், இனி கருவுறக்கூடிய பெண்களும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்பது சுவீடன் உணவுத் துறையின் அறிவுரை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை நினைவில் வைக்கவும். ஊருக்கு எடுத்துவரும் ஆசையும் வேண்டாம். 2006-இலேயே ஏர் பிரான்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் இந்த டப்பாக்களை விமானத்தில் ஏற்றத் தடை விதித்தன.

அடுத்த முறை இதுபோன்ற உணவுகளைப் பற்றி எழுதும்போது, அந்தந்த ஊர்க்காரர்கள் எதனுடன் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் பெட்டிச் செய்தியாகவாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஸ்டாக்ஹோம்