டிப்போ சடங்கைச் சிறு குழந்தைகளுக்குச் செய்ய வேண்டாம்

மான்யா குரோபோ, யிலோ குரோபோ மரபுச் சபைகளின் தலைவர்களுக்கும், டிப்போ வீடுகளை நடத்தும் பூசாரி அம்மாக்களுக்கும் வணக்கம்.

கானாவின் கிழக்கு வட்டாரத்தில் ஏப்ரல், மே வந்தால் குரோபோ மக்களின் ஊர்களான ஒடுமாசேயிலும் சோமான்யாவிலும், பருவம் எய்திய பெண்களுக்கான டிப்போ சடங்கு தொடங்கிவிடும். இந்தச் சடங்கைத் தொடர்ந்து படித்தும் எழுதியும் வரும் நாங்கள், இதை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. 1892இல் ஆங்கிலேய அரசு உங்கள் மக்களைக் குரோபோ மலையிலிருந்து இறக்கி, டிப்போவுக்கும் தடை போட்டது. சடங்கு சாகவில்லை, சுருங்கியது. மலையில் மாதக்கணக்கில் தங்கிச் சமையலும் குடும்பப் பொறுப்பும் கிளாமா என்னும் மரபு ஆட்டமும் கற்றது போய், இன்று நான்கைந்து நாளில் எல்லாம் முடிகிறது. தடையால் வந்த பலன் அவ்வளவுதான். வெளியிலிருந்து எழுதுவோர் சிலர் இதைப் பிறப்புறுப்புச் சிதைப்போடு சேர்த்துக் குழப்புவதும் உண்டு. டிப்போவில் அது கிடையாது.

எங்கள் கவலை வயதைப் பற்றியது. பருவம் எய்திய பெண்களுக்கான சடங்கில் இன்று பால்மணம் மாறாத பிள்ளைகளும் நிற்கிறார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். டிப்போ முடியுமுன் கருவுற்றவளை ஊரைவிட்டு விலக்கிய பழைய வழக்கத்தின் பயம் இன்னும் போகவில்லை. அக்காளோடு தங்கைக்கும் சேர்த்து முடித்துவிட்டால் விருந்துச் செலவும் மிச்சம்.

ஆனால் அந்த வயதில் சடங்கு பிள்ளைக்கு என்ன தருகிறது? தினை அரைக்கும் கட்டத்தில் குழவியைத் தள்ளுவது பெரியவரின் கை; பிள்ளை சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறாள். வெள்ளைத்துணி சுற்றி, பேசாதிருக்க வாயில் இலை வைத்து, புனிதக் கல்லில் மூன்று முறை இறக்கி உட்கார வைக்கும்போது பயந்து அழுதால் இலை விழுகிறது. கன்னிமையைச் சோதிக்கும் கல் என்கிறீர்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் சோதிக்க என்ன இருக்கிறது?

அடுத்தது பிளேடு. சில வீடுகளில் கையில் இன்னும் சிறு கீறல் போடுகிறார்கள். அதற்குப் புது பிளேடு கேட்கும் தாய்கூட முதல் நாள் தலை மழிக்கும் பிளேடை மறந்துவிடுகிறாள். வரிசையில் பத்துப் பேர், ஒரே பிளேடு; மழுங்க மழுங்க அழுத்தம் கூடும், காதோரத்தில் கீறும். எச்.ஐ.வி கண்காணிப்புக் கணக்கில் அகோமான்யா ஊர் பல ஆண்டு முன்வரிசையில் இருந்த வட்டாரம் இது. ஒருத்திக்கு ஒரு பிளேடு, முடிந்ததும் மூடியுள்ள தகர டப்பாவில் போடுவது, இதற்குத் தனியாக ஓர் ஆள். இந்தச் செலவை நுழைவுக் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம்.

கேமரா விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாகவே இருக்க வேண்டும். மார்பு மூடாத சிறுமியின் படம் ஒருமுறை இணையத்தில் ஏறினால் இறங்காது. பட்டும் மணியும் அணிந்து வெளியே வரும் கடைசி நாளில் மட்டும், தாயைக் கேட்டுவிட்டுப் படம் எடுக்கட்டும்.

அந்த நாளின் மணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடைந்த பாட்டிலைப் பொடித்து, களிமண் அச்சில் நிரப்பி, துளைக்காக நடுவில் மரவள்ளிக் காம்பை நட்டுச் சுடுகிறார்கள். காம்பு எரிந்து விழுந்த துளை உள்ளே சொரசொரப்பாகவே இருக்கும். மெல்லிய நூலில் கோத்தால் ஆட்டத்தின் நடுவே அறுந்து, பாட்டி இரவல் கொடுத்த பழைய மணிகள் மண்ணில் உருளும். முறுக்கிய தடித்த நூல்தான் நிற்கும். அதிலும் அத்தனை சரங்களின் கனத்தைத் தாங்கக் குழந்தையின் இடுப்புக்குச் சத்து ஏது?

கானாவின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, உடலுக்கும் மனத்துக்கும் கேடான வழக்கங்களைத் தடுக்கிறது. நீதிமன்றம் கைவைக்குமுன் நீங்களே திருத்திக்கொள்வது மரியாதை. பூப்படையாத பெண்ணைச் சேர்ப்பதில்லை என்றும், டிப்போ முடியாமல் கருவுற்றவளை எந்த வீடும் விலக்கக்கூடாது என்றும் இரண்டையும் சேர்த்தே அறிவியுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் பயம் அப்படியே இருக்கும். பெற்றோர் வேறு ஊர்ப் பூசாரியைத் தேடிப் போவார்கள். அகோமான்யா சந்தை கூடும் புதன், சனிக்கிழமைகளில் சேகண்டி அடித்துச் சொன்னால் பருவம் தொடங்குமுன் எல்லா வீட்டுக்கும் எட்டிவிடும்.